பத்தொன்பதாம் எண் மூடி

சிவப்பு மூடி என்றால் கழற்ற வேண்டிய மூடி. விண்கலம் கட்டுகிற கூடத்துக்குள் கால் வைக்கிற யாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கேமராவின் கண்ணாடி, எரிபொருள் குழாயின் வாய் என்று தூசு படக்கூடாத இடத்துக்கெல்லாம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டு வைப்பார்கள். ஏவுவதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் கழற்றியாக வேண்டும். மறந்துவிட்டால் ஓடிப்போய்க் கழற்றிவிட்டு வருகிற தூரத்தில் கலம் இருக்காது.

ஸ்பேனர் முப்பத்தோரு வருஷம் இந்த வேலையைத்தான் பார்த்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லாமல் போனது. ஒரு திருகைத் தொட்டாலே அது எவ்வளவு முடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று கூடத்தில் பேச்சு. அதில் பாதி புளுகு. ஆனால் மீதிப் பாதி உண்மை. அந்த உண்மையான பாதியை வைத்துத்தான் மனுஷன் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

கலம் போனது ஐந்து நிலவுகள் உள்ள ஒரு கோளுக்கு. போய்ச் சேரவே எட்டு வருஷம். ஐந்தில் மூன்றாவது நிலவின்மீதுதான் எல்லாருக்கும் கண். அது முழுக்க முழுக்கப் பனிக்கட்டி. அதன் வெடிப்புகள் வழியாக உள்ளேயிருந்து ஆவி பீறிட்டு அடிக்கிறது. அந்த ஆவிக்குள் கலம் புகுந்து போகும்போது அதில் என்னென்ன கலந்திருக்கிறது, உயிருக்கு வேண்டிய சாமான் ஏதாவது இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதற்கு நீளமான பெயர் ஒன்று காகிதத்தில் உண்டு. கூடத்தில் அதை மூக்கு என்றார்கள்.

மூக்கைச் செய்தவர் புரொபசர். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் எடுத்தது கிடையாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அதனால் வந்த பட்டம். பதினொரு வருஷம் அந்தக் கருவியைத் தவிர வேறு நினைப்பில்லாமல் கிடந்தார். அவருடைய மனைவிக்கும் அதே வளாகத்தில்தான் வேலை. கலம் எப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எதை இயக்க வேண்டும் என்று கட்டளை எழுதுவது அந்த அம்மாள். ஸ்பேனருக்கு அவர் அண்ணன், அந்த அம்மாள் அண்ணி. இரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே வேலையில் இருபது வருஷம் சேர்ந்து கிடந்தால் தானாக வருகிற உறவு. புரொபசர் வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஸ்பேனரின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார்கள், வீட்டுப்பாடத்தை அண்ணியிடம்தான் கேட்பார்கள்.

இனி நடந்த தப்பைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று தோன்றும். தப்புகள் எல்லாமே அப்படித்தான்.

கலத்தில் முப்பத்திரண்டு சிவப்பு மூடிகள். கழற்றுகிற மூடிகளை வைக்க முப்பத்திரண்டு குழி உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழிக்கும் எண். ஸ்பேனர் மூடியைக் கழற்றி எண்ணைச் சொல்லிக் குழியில் வைப்பார். சோதனை அதிகாரி பட்டியலில் குறித்துக்கொள்வார். தட்டு நிறைந்தால் வேலை முடிந்தது. இதற்கு முந்தின நாள் ஒத்திகை உண்டு. ஒத்திகைக்குக் கலத்தின் மூடிகளைத் தொடுவதில்லை. அடியில் கறுப்புப் புள்ளி வைத்த உபரி மூடிகள் தனியாக இருக்கின்றன. ஒத்திகை முடிந்ததும் உபரிகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, காலித் தட்டோடு மறுநாள் ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு முப்பத்தொன்றுதான் பெட்டிக்குப் போயின. பத்தொன்பதாம் எண் உபரி குழியில் இறுக்கமாக மாட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனர் விட்டுவிட்டார்.

பத்தொன்பது, மூக்கின் மூடி.

மறுநாள் காலையில் புரொபசர் வந்து, "தம்பி, மூக்குக்குப் பக்கத்துல தகடு ஒட்டிக்கிட்டு இருக்காங்க. பசை நாத்தம் உள்ள போயிடும். அதை மட்டும் கடைசியா கழட்டு" என்றார். நியாயமான பேச்சு. ஸ்பேனர் மற்றதையெல்லாம் கழற்றி வைத்தார். சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் தட்டில் முப்பத்திரண்டு குழியிலும் சிவப்பு. சரி, இதையும் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போயிருக்கிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் தட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கலத்தைப் பார்க்க வேண்டிய இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே கலத்தை ராக்கெட்டின் முனைக் கூண்டுக்குள் வைத்து மூடியாயிற்று.

ஏவி இரண்டு மாதம் கழித்து, தட்டைத் துடைத்து அலமாரியில் வைக்கும்போது ஸ்பேனர் மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தொன்பதின் அடியில் கறுப்புப் புள்ளி இருந்தது. உபரிப் பெட்டியைத் திறந்தார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். அலமாரிக்கு அடியில், மேஜைக்குப் பின்னால், குப்பைத் தொட்டியில் என்று தேடாத இடம் இல்லை. கலத்தோடு போன ஒன்றை அங்கே தேடி என்ன பிரயோஜனம்? கறுப்புப் புள்ளியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அலமாரியைப் பூட்டிச் சாவியை உரிய இடத்தில் மாட்டினார்.

அடுத்த மாதம் மூக்கை முதல்தடவையாகச் சோதித்தார்கள். உள்ளேயே இருக்கும் ஒரு சிமிழிலிருந்து துளி வாயுவை விட்டுப் பார்ப்பார்கள். கருவி அதை முகர்ந்து சரியாகச் சொன்னது. ஆனால் வால்வு திறந்ததும் வாய் வழியாக இரண்டு நிமிஷத்தில் வெளியேற வேண்டிய வாயு வெளியேற இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. புரொபசர் முகத்தில் ஈயாடவில்லை. நேரே கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே அண்ணியும் வந்தார்.

"தம்பி, நீ மூடியைக் கழட்டினப்ப வாய் ஓரத்துல ஏதாவது பிசிறு கிசிறு இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவே இல்லை. "சுத்தமா இருந்துச்சுண்ணே" என்றார் ஸ்பேனர்.

"அப்ப வால்வுதான். என் வால்வுதான் மக்கர் பண்ணுது" என்று புரொபசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அவ்வளவுதான், முடிச்சு விழுந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு திட்டு, ஒரு மெமோ. ஒரு வாரம் கழித்தென்றால், ஏன் ஒரு வாரமாகச் சொல்லவில்லை என்ற கேள்வி. ஒரு வருஷம் ஆனபிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரால் முடியும்? நாளாக ஆக உண்மைக்குக் கனம் ஏறிக்கொண்டே போனது. புரொபசர் ஒவ்வொரு மாதமும் சோதனைப் பதிவேட்டில் "வால்வில் கோளாறு இருக்கலாம், என் வடிவமைப்பில் பிசகு" என்று தன் கையாலேயே எழுதிவைத்தார். மூன்றாம் வருஷம் அவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். நாலு மாதம் படுக்கை. ஸ்பேனர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதுகில் தலையணை வைத்தார், கஞ்சி கொடுத்தார். கூடப்பிறந்தவன்கூட அவ்வளவு செய்யமாட்டான் என்று நர்ஸ் சொன்னாள். இறுதி ஊர்வலத்தில் முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்பேனர். இவ்வளவும் செய்தவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. கோழைத்தனம் என்றால் ஓடி ஒளிவது என்று நினைக்கிறோம். கூடவே இருந்து கஞ்சி ஊட்டுகிற கோழைத்தனமும் உண்டு.

எட்டாம் வருஷம் கலம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நிலவின் ஆவிக்குள் முதல்தடவை புகுந்து வந்தது. படங்கள் அருமையாக வந்தன. பனி வெடிப்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கட்டுப்பாட்டு அறையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூக்கு அனுப்பியது பூஜ்யம். ஆவிக்கு நட்டநடுவில் போகும்போதும் பூஜ்யம். இரண்டாம் தடவையும் அதே.

உடனே கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்கு வேண்டியது முடிவு. அதுவும் சீக்கிரம் வேண்டும். செத்துப்போனவர் தன் கைப்பட எழுதிவைத்த ஒப்புதல் மாதாமாதம் பதிவேட்டில் இருக்கும்போது வேறு எங்கே போய்த் தோண்டுவார்கள்? கருவியை வடிவமைத்தவரின் பிழை என்று அறிக்கை தயாரானது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அண்ணி கூடத்துப் பக்கம் வந்து ஸ்பேனரின் மேஜை எதிரில் உட்கார்ந்தார். அறிக்கையின் நகல் கையில் இருந்தது.

"பதினொரு வருஷம் தம்பி. ஒரு சினிமா உண்டா, ஒரு ஊர் உண்டா? நானும் ஒண்ணும் கேட்டுக்கல. கடைசியில அவர் பேருக்குப் பக்கத்துல இந்த ஒரு வரிதான் நிக்கப்போகுது. இனிமே இந்தக் கருவியைப் பத்தி யார் படிச்சாலும் இதைத்தான் படிப்பாங்க." அழவில்லை. அறிக்கையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "அவர் பிசகு பண்ணுற ஆளா, சொல்லுங்க."

ஸ்பேனர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார். எட்டு வருஷமாக மென்று முழுங்கியது அந்த மத்தியானம் வெளியே வந்துவிட்டது.

"வால்வு இல்ல அண்ணி. மூடி. மூக்கோட மூடியை நான் கழட்டல. கழட்டிட்டேன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

தட்டு, குழி, உபரி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு, "இப்ப பூஜ்யம் வந்ததும்தான் யோசிச்சுப் பார்த்தீங்களா? இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றார்.

கேள்வியோடு பதிலையும் சேர்த்து அவரே நீட்டிவிட்டார். ஸ்பேனர் தலையாட்டினார். முழுசாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பாதியில் ஒரு நிழல் கிடைத்ததும் அதில் ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணி எழுந்து நின்றார். ஸ்பேனர் அடியை எதிர்பார்த்தார். அந்த அம்மாளோ அவர் தோளை அழுத்திவிட்டு, "எட்டு வருஷத்துக்கு முந்தின விஷயத்தை ஞாபகப்படுத்தி, தானா வந்து சொன்னீங்களே. வேற யாராவதா இருந்தா சொல்லியிருக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கமிட்டி அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஸ்பேனருக்குச் சாதகமாகவே நடந்தது. அதுதான் கொடுமை. அறிக்கையைத் திருத்தினார்கள். வடிவமைப்பில் குறையில்லை, வால்வு சரியாகவே வேலை செய்திருக்கிறது, மூடிய வாய் வழியாக வாயு கசிந்ததால்தான் அந்த இருபது நிமிஷம் என்று எழுதினார்கள். புரொபசரின் பெயர் கழுவித் துடைத்த மாதிரி ஆனது. ஸ்பேனருக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதைக் கொடுத்த அதிகாரியே, "மனுஷன்னா மறக்கறதுதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். மூக்குக்குள் குளிர் தாங்குவதற்கு இருந்த சின்ன ஹீட்டரை முழு வேகத்தில் இயக்கி மூடியை இளக்கிப் பார்த்தார்கள். மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் நாற்பது டிகிரிக்குமேல் ஏறவில்லை. அந்தக் குளிரில் அதுவே பெரிசு. சரி, நடந்தது நடந்துபோச்சு என்று மூக்கைக் கைகழுவிவிட்டு மற்றக் கருவிகளைக் கவனிக்கப் போனார்கள். வீட்டில் மனைவி, "ஏதோ இறக்கி வெச்ச மாதிரி இருக்கீங்களே" என்றாள். உண்மைதான். ஒரு வாரம் பசித்துச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஐந்து நிலவுகளின் பாதைகள் வரைந்த தாள்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க தம்பி. ஒண்ணு காட்டணும். வேற யார்கிட்டயும் காட்டல."

திரையில் ஒரு வளைகோடு இருந்தது.

"கலம் நேரா அந்தக் கோளுக்குப் போகல இல்லையா? வேகம் எடுக்கறதுக்காக முதல்ல சூரியன் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வெளிய போச்சு. ஏவின பதினாலாவது மாசம். அப்ப வெயில் பட்டு மூக்கு கருகிடக்கூடாதுன்னு அதை நிழல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி நான்தான் கட்டளை எழுதினேன். ரெண்டு வாரம் அப்படியே வெச்சிருந்தோம்."

"ஆமா அண்ணி."

"நேத்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ரெண்டு வாரத்துல என்னைக்காவது ஒரு நாற்பது நிமிஷம் மூக்கை வெயில் பக்கம் திருப்பியிருந்தா போதும். அந்த பிளாஸ்டிக் நூத்தி இருபது டிகிரியில இளகிடும். அங்க நூத்தி அறுபதுக்கு மேல ஏறியிருக்கும். மூடி தானா கழண்டு விழுந்திருக்கும் தம்பி. மூக்குக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, அவ்வளவு நேரம் அந்தச் சூட்டைத் தாங்குற மாதிரிதான் அவர் பண்ணியிருந்தார்."

ஸ்பேனர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சூரியனுக்குப் பக்கத்தில் வந்து வளைந்து விலகிப் போனது.

"நேத்து பூரா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். என் கையாலதானே நிழல் பக்கம் திருப்பினேன்னு. அப்புறம் நினைச்சேன். அப்ப யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாத விஷயத்துக்கு யாரைக் குத்தம் சொல்றது? அந்த ஒரு நினைப்புலதான் இன்னைக்கு வேலைக்கு வந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கும் அதே உறுத்தல் இருக்கும்னுதான் கூப்பிட்டேன். உங்க மேலயும் தப்பு இல்ல. அதைச் சொல்லணும்னுதான்."

இப்போதும் தலையாட்டியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. தலையாட்டுவதுதான் அந்த அம்மாளுக்குச் செய்கிற நல்லது என்றுகூட மனசு சொன்னது. எட்டு வருஷமாக இப்படி ஏதாவது ஒன்றை அவர் மனசு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தன் கையால்தானே திருப்பினேன் என்று அண்ணி சொன்னது நெஞ்சில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. இந்த அம்மாள் தன்னைத் திட்டிக்கொள்வதா?

"எனக்குத் தெரியும் அண்ணி."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "என்ன தெரியும்?"

"மூடி அங்கதான் இருக்குன்னு. அப்பவே தெரியும். தட்டைத் துடைக்கறப்ப பார்த்துட்டேன்."

"எப்ப?"

"ஏவின ரெண்டாவது மாசம்."

நிலவுகளுக்கும் கோள்களுக்கும் மனக்கணக்காகவே பாதை போடுகிற அந்த அம்மாள் விரலை மடக்கி எண்ணினார். மூன்று, நான்கு, ஐந்து என்று உதடு அசைந்தது. பதினான்கு வந்ததும் கையை மேஜைமேல் வைத்தார்.

"ஒரு வருஷம் டைம் இருந்திருக்கு."

ஸ்பேனர் சுவரில் இருந்த நிலவுகளின் தாளைப் பார்த்தார்.

"அவர் உங்ககிட்ட கேட்டாரே. பிசிறு இருந்துச்சான்னு. நானும் பக்கத்துல நின்னேனே."

"ஆமா."

"ஆஸ்பத்திரியில? அங்கயும் கேட்டாரா?"

"கேட்டார். வால்வு நல்லாத்தாண்ணே இருக்கும்னு சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியும். நல்லா இருக்குன்னு தெரிஞ்சே சொன்னீங்க." அண்ணியின் குரல் உயரவில்லை. "அவர் நம்பல. உங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சிருப்பார். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட்டு உறைன்னு எது கையில கிடைச்சாலும் அந்த வால்வையே வரைஞ்சார். எங்க பிசகினேன், எங்க பிசகினேன்னு. பென்சில் பிடிக்க முடியாம போனப்புறம் போர்வைமேல விரலாலயே வரைஞ்சார். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்க."

ஸ்பேனருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அறையில் அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டார். மன்னிச்சுக்குங்க அண்ணி என்று சொல்ல நினைத்தார். அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேட்க வேண்டியவர் ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்.

"போங்க" என்றார் அண்ணி.

எழுந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் தள்ளி வைத்தார். கதவுப் பிடியில் கை வைத்தபோது, "தம்பி" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. திரும்பினார்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. திரையில் அந்தக் கோடு சூரியன் பக்கத்தில் வளைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது போலிருக்கிறது.

"ஒண்ணுமில்ல" என்றார். "நீங்க போகலாம்."